சபலத்துக்கு ஒரு மாத்திரை

1884 ஏப்ரல். வியன்னா பொது மருத்துவமனையில் வேலை பார்த்த ஓர் இளம் டாக்டருக்கு மூன்று கவலைகள். கையில் காசில்லை. ஊரில் பேரில்லை. ஹாம்பர்க் பக்கத்தில் வாண்ட்ஸ்பெக் என்ற ஊரில் நிச்சயம் செய்த பெண் காத்திருக்கிறாள். முதல் இரண்டும் கைகூடாமல் அவளைக் கட்ட வழியில்லை. சம்பளத்தை நம்பியிருந்தால் மாப்பிள்ளைக்கு நரைத்துவிடும். ஆகவே எதையாவது கண்டுபிடித்தே தீர வேண்டும். எதை என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

டாக்டரின் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்ட். உளப்பகுப்பாய்வு, கனவு, அம்மா, சோபா எல்லாம் பிற்பாடு. அதுவரை அவருடைய சாதனை, நூற்றுக்கணக்கான விலாங்கு மீன்களை அறுத்து, அவற்றின் விதைப்பை எங்கே இருக்கிறது என்று தேடியது. (பின்னாளில் அவர் எழுதியதை எல்லாம் நினைத்துக்கொண்டு யாரும் சிரிக்க வேண்டாம். மாணவப் பருவத்தில் செய்த வேலை.) இப்போது கண்ணில் பட்டது கோகெய்ன்.

அது புதுச் சரக்கும் இல்லை. ஆண்டிஸ் மலைக்காரர்கள் கோகா இலையை ஆயிரக்கணக்கான வருஷமாக மென்றுகொண்டு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஐரோப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. நோவாரா என்ற ஆஸ்திரியக் கப்பல் 1857இல் உலகத்தைச் சுற்றக் கிளம்பியது. இலங்கையையும் நம் மதராசையும்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பயணத்தில் இருந்த கார்ல் ஷெர்ட்சர், தென்னமெரிக்காவிலிருந்து ஒரு மூட்டை கோகா இலை கொண்டுவந்து சேர்த்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் நீமான் 1860இல் அதிலிருந்து வெள்ளைப் படிகத்தைப் பிரித்தெடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, மரத்துப் போகிறது என்று ஒழுங்காக எழுதியும் வைத்தார். எழுதியதை யாரும் சட்டை செய்யவில்லை. அடுத்த 24 வருஷம் ஐரோப்பிய வைத்தியர்கள் பலரும் நோயாளியைக் கட்டிப்போட்டுத்தான் கண்ணை அறுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் உருப்படியாகப் பிழைத்தவர் பாரிஸில் ஏஞ்சலோ மரியானி மட்டுமே. கோகாவை ஒயினில் ஊறவைத்து விற்று, பிற்பாடு போப் பதின்மூன்றாம் லியோவிடமே தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார்.

ஃப்ராய்டைக் கவர்ந்தவை இரண்டு செய்திகள். முதலாவது, தியோடர் ஆஷென்பிராண்ட் என்ற ராணுவ டாக்டர் பவேரியச் சிப்பாய்களுக்குக் கோகெய்ன் கொடுத்துப் பார்த்து, களைப்பே தெரியாமல் நடக்கிறார்கள் என்று 1883இல் எழுதியிருந்தார். இரண்டாவது, அமெரிக்காவில் டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு மருத்துவப் பத்திரிகையில், அபினுக்கும் மார்ஃபினுக்கும் அடிமையானவர்களைக் கோகா மீட்டெடுக்கிறது என்று கட்டுரைமேல் கட்டுரை. பத்திரிகை யாருடையது? பார்க் டேவிஸ் கம்பெனி முதலாளியுடையது. பார்க் டேவிஸ் விற்றது என்ன? கோகாவும்தான். இதைக் கேட்டு அதிர்ச்சி அடைகிறவர்கள் மருந்து வியாபாரத்துக்குப் புதியவர்கள்.

ஃப்ராய்ட், டார்ம்ஸ்டாட்டில் இருந்த மெர்க் கம்பெனியின் சரக்கில் ஒரு கிராம் கேட்டார். 33 குரோய்ட்சர் ஆகும் என்று நினைத்திருந்தவரிடம் 3 குல்டன் 33 குரோய்ட்சர் என்று பில் வந்தது. ஏறக்குறைய பத்து மடங்கு. வயிற்றில் புளியைக் கரைத்தாலும் வாங்கினார். சூனியக்காரிகள் கூடிக் கும்மாளம் போடுவதாக ஜெர்மானியர்கள் சொல்லும் ஏப்ரல் 30ஆம் தேதி, கிராமில் இருபதில் ஒரு பங்கைக் கரைத்துக் குடித்தார். உலகம் நல்ல இடமாகத் தெரிந்தது. சோர்வு போனது, வயிற்று மந்தம் போனது. வருங்கால மனைவிக்கும் கொஞ்சம் தபாலில் அனுப்பினார், கன்னம் சிவக்கட்டும் என்று. ஜூலையில் கட்டுரை அச்சாகிவிட்டது. ஏப்ரலில் அறிமுகம், ஜூலையில் நிபுணர். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நம்மூர் யூடியூபில் இதைவிடச் சுருக்காக நடக்கிறது.

அந்தக் கட்டுரையில் ஒரு வரியைக் கல்வெட்டில் பொறிக்கலாம். கோகெய்னை ஒரு தடவை எடுத்தாலும் பல தடவை எடுத்தாலும் மறுபடி வேண்டும் என்ற தவிப்பே வருவதில்லை, பார்க்கப்போனால் ஒருவித வெறுப்புத்தான் வருகிறது என்கிறார். கோகெய்ன் சபலம் பற்றி ஐரோப்பிய மருத்துவம் தந்த முதல் பெரிய தீர்ப்பு இது: அப்படி ஒன்று கிடையாது.

தீர்ப்பைச் செயல்படுத்த ஒரு நண்பர் கைவசம் இருந்தார். எர்ன்ஸ்ட் ஃபிளைஷ்ல். அழகர், பணக்கார வீட்டுப் பிள்ளை, பெரிய மூளைக்காரர், ஃப்ராய்டுக்குச் சீனியர். 25 வயதில் பிணத்தை அறுக்கும்போது கையில் தொற்று ஏறி, கட்டைவிரலை வெட்டியெடுத்தார்கள். வெட்டிய இடத்தில் நரம்பு முடிச்சு முடிச்சாக வளர்ந்து உயிரை வாங்கியது. அறுவைமேல் அறுவை. வலிக்கு மார்ஃபின், பிறகு மார்ஃபினுக்காகவே மார்ஃபின். 1884 மே மாதம் ஃப்ராய்ட் அவருக்குக் கோகெய்ன் கொடுத்தார். சில நாளில் ஃபிளைஷ்ல் மார்ஃபினைக் கீழே வைத்தார். வெற்றி! ஓர் ஆள், சில நாள், ஒரு வெற்றி. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 140 வருஷமும் இதே கணக்குத்தான்.

அடுத்து நடந்ததை ஊகிக்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. கந்துவட்டிக்கு வாங்கி வங்கிக் கடனை அடைத்த கதைதான். ஒரு வருஷத்துக்குள் ஃபிளைஷ்ல் ஒரு நாளைக்கு ஒரு கிராம் போட்டுக்கொண்டிருந்தார், அதாவது ஃப்ராய்டின் முதல் டோஸைப்போல இருபது மடங்கு. மூன்று மாதத்தில் 1,800 மார்க் அதற்கே போனது. மார்ஃபினும் கூடவே திரும்பி வந்துவிட்டது.

இங்கே தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1885 மார்ச்சில் ஃப்ராய்ட் டாக்டர்கள் சபையில் பேசுகிறார்: கோகெய்ன் துணையுடன் மார்ஃபினை வெற்றிகரமாக விட்ட ஒருவரை எனக்குத் தெரியும், 0.03 முதல் 0.05 கிராம் வரை தோலுக்கடியில் ஊசியாகத் தயங்காமல் கொடுக்கலாம், அளவு கூடினாலும் பயமில்லை. ஜூனில் அதே ‘ஒருவர்’ பக்கத்தில் ஃப்ராய்ட் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறார். ஃபிளைஷ்ல் தன் தோல்மேல் வெள்ளைப் பாம்பு ஊர்கிறது என்று அலறிக்கொண்டிருக்கிறார். ஆகஸ்டில் அந்தப் பேச்சு அச்சாகிறது. பாம்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பக்கம் போதவில்லை போலும்.

ஜெர்மனி பக்கம் கண்டனம் கிளம்பியது. ஆல்பிரெக்ட் எர்லன்மயர் என்ற மனநல மருத்துவர், மதுவுக்கும் மார்ஃபினுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தைப் பிடித்த மூன்றாவது சனியனை அவிழ்த்துவிட்டார்கள் என்றே எழுதினார். ஃப்ராய்ட் 1887இல் பதில் சொன்னார்: தப்பு மருந்தில் இல்லை, ஊசியில் இருக்கிறது, ஊசியாகப் போட்டுக்கொண்டதால் வந்த வினை. சரி, ஊசியாகப் போடு என்று சபையில் எழுந்து சொன்ன புண்ணியவான் யார்? அந்த 1885 கட்டுரை பிற்பாடு அவர் தயாரித்த தன் படைப்புகளின் பட்டியலில் காணாமல் போனது. பிறர் மறந்துபோவதற்கெல்லாம் உள்நோக்கம் கண்டுபிடித்த மகான், இந்த மறதிக்கு மட்டும் சோபாவில் படுக்கவில்லை. ஃபிளைஷ்ல் 1891இல், 45 வயதில் இறந்தார். ஃப்ராய்ட் அவர் படத்தைக் கடைசிவரை சுவரில் மாட்டியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் கல்நெஞ்சர் இல்லை.

இத்தனைக்கும் நடுவில், அவர் தேடிய பேரும் புகழும் பக்கத்து அறையிலேயே கிடந்தன. 1884 கோடையில் ஃப்ராய்ட் பெண்ணைப் பார்க்க வாண்ட்ஸ்பெக் போயிருந்த சமயம், சகா கார்ல் கோலர் தவளைக் கண்ணில் கோகெய்ன் சொட்டு விட்டார். தவளை கம்மென்று இருந்தது. பிறகு அவரும் இன்னொருவரும் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் கண்ணிலேயே விட்டுக்கொண்டு குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை! கண் அறுவையின் வரலாறே அங்கே மாறியது. செப்டம்பர் 15 ஹைடல்பர்க் மாநாட்டுக்குப் போகக் கோலரிடம் ரயில் சார்ஜுக்குப் பணமில்லாததால் கட்டுரையை வேறொருவர் வாசித்தார். அந்தச் சமயம் நான் ஊரில் இல்லாததற்கு என் வருங்கால மனைவிதான் காரணம் என்று ஃப்ராய்ட் 1925இல்கூட எழுதினார். கல்யாணமாகி ஏறக்குறைய நாற்பது வருஷம். அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்பதை வரலாறு பதிவு செய்யாமல் விட்டது பெரும் நஷ்டம்.

அட்லாண்டிக்கின் அக்கரையில் அதே சினிமா, வேறு நடிகர்கள். அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் என்ற மருந்துக் கடைக்காரர். உள்நாட்டுப் போரில் வாள்வெட்டு வாங்கி மார்ஃபினில் விழுந்தவர். கோகா தன்னை மீட்கும் என்று நம்பி ஒரு கோகா ஒயின் தயாரித்தார். ஊரில் மதுவிலக்கு வந்தது. ஒயினை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகைப் போட்டார். 1886இல் கோகா கோலா பிறந்தது. 1888இல் பெம்பர்டன் போய்ச்சேர்ந்தார், மார்ஃபினை விடாமலே.

நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட். கைதேர்ந்த சர்ஜன். கோகெய்னை நரம்பில் ஏற்றினால் அந்தப் பகுதி முழுக்க மரக்குமே என்று தன் மேலும் மாணவர்கள் மேலும் ஊசி போட்டுப் பார்த்தார். மரத்தது. எல்லோரும் மாட்டினார்கள். 1885இல் இதுபற்றி ஒரு மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. அடுத்த வருஷம் பிராவிடன்ஸ் ஊரில் உள்ள பட்லர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கோகெய்ன் சபலத்துக்கு அங்கே கொடுத்த மருந்து? மார்ஃபின். வியன்னாவில் மார்ஃபினுக்குக் கோகெய்ன், அமெரிக்காவில் கோகெய்னுக்கு மார்ஃபின். இரண்டு ஊர் டாக்டர்களும் ஒரே ரயில்பெட்டியில் சந்தித்திருந்தால் நோயாளிகளையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஹால்ஸ்டெட் கதையில் திருப்பம் என்னவென்றால், மனிதர் ஓஹோவென்று வாழ்ந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அமெரிக்க அறுவை சிகிச்சையின் பிதாமகர் ஆனார். சட்டைகளைப் பாரிஸுக்கு அனுப்பிச் சலவை செய்தார். கிருமிநாசினி பட்டு நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கை புண்ணாகிறதே என்று குட்இயர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கிக் கொடுத்து, பிறகு அவரையே கட்டிக்கொண்டார். மார்ஃபின் மட்டும் விடவில்லை. சகா வில்லியம் ஆஸ்லர் ரகசியத்தை எழுதிப் பூட்டிவைத்தார், 1969இல்தான் திறந்தார்கள். மொத்த மருத்துவ உலகமும் அரை நூற்றாண்டு தாமதமாக வாயைப் பிளந்தது.

1914இல் அமெரிக்கா ஹாரிசன் சட்டம் போட்டு எல்லாவற்றையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. கோகெய்ன் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தது. 1970களில் பணக்காரர் பார்ட்டிகளில் வெள்ளி ஸ்பூனோடு மறுபிரவேசம். 1980இல் வந்த பெரிய மனநல மருத்துவப் பாடநூல் ஒன்று, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் போகாவிட்டால் பெரிய பிரச்சினை எதுவும் வராது என்று எழுதியது. ஃப்ராய்ட் எழுதி 96 வருஷம் கழித்து! அதை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போதே தெருவில் கிராக் என்ற புகைக்கும் கோகெய்ன் வந்து இறங்கியது.

உடனே வேட்டை ஆரம்பம்: இந்தச் சபலத்தை அடக்க ஒரு மாத்திரை. தத்துவம் கேட்க அழகாகத்தான் இருந்தது. கோகெய்ன் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை வழித்துக் காலி செய்துவிடுகிறது. காலியானதை நிரப்பிவிட்டால் தவிப்பு அடங்கும். அதற்குப் புது மருந்து செய்ய நேரமில்லை. மருந்துக் கடை அலமாரியை ஒரு ஓரத்திலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கும் தாய்ப்பாலை நிறுத்தவும் இருந்த புரோமோகிரிப்டின். வலிப்புக்கு இருந்த கார்பமசெபின். தசை இறுக்கத்துக்கு இருந்த பாக்லோஃபென். பட்டப்பகலில் தூங்கி விழுகிறவர்களுக்கான மோடாஃபினில். அலமாரியில் தைலம் இருந்திருந்தால் அதையும் தடவியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் சிறு பரிசோதனையில் கைதட்டல். பெரிய பரிசோதனையில், டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே லட்சணம்.

இதில் டெசிப்ரமின் பட்டபாடு தனி. மனச்சோர்வுக்கான பழைய மாத்திரை. யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் காவினும் ஹெர்பர்ட் கிளீபரும் 1989இல் 72 பேரிடம் ஆறு வாரம் பரிசோதித்தார்கள். டெசிப்ரமின் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேர் தொடர்ந்து மூன்று நான்கு வாரம் கோகெய்ன் தொடவில்லை. டம்மி சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேர்தான். ஊரே கொண்டாடியது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் வித்தியாசம் கரைந்து போனது. ஆனால் என் மனம் கவர்ந்தது 1990இல் மரியன் ஃபிஷ்மன் குழு வெளியிட்ட ஆய்வு. பழக்கமுள்ள தன்னார்வலர்களை ஆய்வகத்தில் வைத்து, டெசிப்ரமின் கொடுத்து, கோகெய்னையும் முறைப்படி எதிரில் வைத்தார்கள். ‘வேண்டும் போல இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு மதிப்பெண் குறைந்தது. சபலம் அடங்கிவிட்டது! எடுத்துக்கொண்ட கோகெய்ன் அளவு? அப்படியே இருந்தது. ஆசையே இல்லை சார், சும்மா எதிரில் இருந்ததே என்று எடுத்துக்கொண்டோம். பண்டிகை வீட்டில் ஆறாவது வடை சாப்பிடுகிற யாருக்கும் இந்த ஆய்வு முடிவு ஆச்சரியம் தராது.

டைசல்ஃபிராம் என்றொரு மருந்தும் களத்தில் இறங்கியது. ரப்பர் தொழிற்சாலையில் புழங்கிய ரசாயனம் அது. கோபன்ஹேகனில் குடல்புழுவுக்கு ஆகுமா என்று பார்த்த ஆராய்ச்சியாளர்கள், வழக்கப்படி தாங்களே விழுங்கிவிட்டு, பிறகு மது குடித்தார்கள். முகம் ரத்தமாகச் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. புழு செத்ததோ இல்லையோ, குடியை நிறுத்தும் மருந்து பிறந்தது. 1990களில் குடியும் கோகெய்னும் சேர்த்துப் பழகியவர்களுக்கு அதைக் கொடுத்தபோது கோகெய்னும் குறைந்தது. குடிக்காதவர்களுக்குக்கூடக் கொஞ்சம் குறைந்ததாகத் தெரிந்ததும் மறுபடி கைதட்டல். மறுபடி பெரிய பரிசோதனைகள். மறுபடி ஆளுக்கொரு முடிவு. ஹால்ஸ்டெட்டுக்குக் கையுறை தந்த ரப்பர், இந்தப் பக்கம் கைகொடுக்கவில்லை.

மாத்திரை சரிப்படாது, தடுப்பூசியே போட்டுவிடுவோம் என்று கிளம்பியது அடுத்த கோஷ்டி. யோசனை அபாரமானது. கோகெய்ன் ரொம்பச் சின்ன மூலக்கூறு. உடம்பின் காவல் படை அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் அதை, காலராக் கிருமி நச்சின் தீங்கில்லாத ஒரு துண்டோடு ஒட்டவைத்து ஊசி போடுவது. காலராவைப் பார்த்ததும் காவல் படை விழித்துக்கொண்டு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசாமியின் முகத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு கோகெய்ன் ரத்தத்துக்குள் வந்தால் எதிர்ப்புரதங்கள் அப்பிக்கொள்ளும். அவ்வளவு பெரிய உருவத்தோடு மூளைக்குள் நுழைய முடியாது. போதை ஏறாது. ஏறாததை எவன் வாங்குவான்?

தாமஸ் கோஸ்டன் குழு 115 பேருக்குப் பரிசோதித்து 2009இல் வெளியிட்டது. 12 வாரத்தில் ஐந்து ஊசி. போதுமான எதிர்ப்புரதம் ஊறியது 38 சதவீதம் பேருக்கு மட்டும். அவர்களின் சிறுநீரில் கோகெய்ன் இல்லாத நாட்கள் ஓரளவு கூடின. அதுவரைக்கும் நல்ல சேதி. வேறு சிலருடைய சிறுநீரைச் சோதித்தவர்களுக்குத்தான் மயக்கம் வந்தது. முன்பைவிடப் பத்து மடங்கு கோகெய்ன்! போதை ஏறவில்லையே, சரக்கு மட்டமோ என்று ஒரு வியாபாரியை விட்டு இன்னொருவரிடம் போயிருக்கிறார்கள். அங்கேயும் ஏறாமல் இன்னும் வாங்கியிருக்கிறார்கள். பணம் முழுக்கக் கரைத்து ஆண்டியான கதையை ஆராய்ச்சியாளர்களிடமே வந்து சொன்னவர்களும் உண்டு. உலகத்தில் கோகெய்ன் வியாபாரிகளின் விற்பனையைக் கூட்டிய ஒரே தடுப்பூசி இதுவாகத்தான் இருக்கும். பாவம், அந்தத் தெரு வியாபாரிகள்! வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல சரக்கு கொடுத்துவிட்டு, கலப்படக்காரன் என்று திட்டு வாங்கியிருப்பார்கள். பிறகு 300 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனையும் எதிர்பார்த்த பலன் தரவில்லை.

இன்றைய தேதிவரை, கோகெய்ன் பழக்கத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் பரிசோதனைக்குப் பரிசோதனை ஜெயித்துக்கொண்டே வந்தது. அது மருந்து இல்லை. கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அது காசு.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கண்டது இது. சிறுநீர் சுத்தமாக இருந்தால் ஒரு வவுச்சர். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் தொகை ஏறும். ஒரு தடவை வழுக்கினால் மறுபடி ஆரம்பத் தொகை. முதல் 12 வாரமும் சுத்தமாக இருந்தால் மொத்தம் 997 டாலர் சொச்சம். ஜனங்கள் சுத்தமாக இருந்தார்கள். டோபமைன் தத்துவம் பேசியவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்களுக்காக, கனெக்டிகட்டில் நான்சி பெட்ரி செலவைக் குறைத்தார். ஒரு மீன்தொட்டியில் 500 சீட்டு. சிறுநீர் சுத்தமா, கையை விட்டு ஒரு சீட்டு எடு. பாதிச் சீட்டுகளில் ‘சபாஷ்’ என்ற பாராட்டு மட்டும். மிச்சத்தில் பெரும்பாலும் ஒரு டாலர் சாமான், சிலவற்றில் 20 டாலர் சாமான், ஒரே ஒரு சீட்டில் டி.வி. பெட்டி. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக் குலுக்கல் மாதிரியே இருக்கிறதே என்று கேட்டால், ஆமாம், அதேதான். வேலை செய்தது.

இப்படியொரு வழி கிடைத்ததும் அமெரிக்க அரசாங்கம் என்ன செய்திருக்கும்? கவலைப்பட்டது. நோயாளிக்குப் பரிசு கொடுத்தால் அது ஆள்பிடிக்கும் கமிஷன் ஆகாதா, லஞ்ச ஊழல் சட்டத்தில் இடிக்காதா? யோசித்து யோசித்து, மத்திய அரசின் மானியத்தில் நடக்கும் போதை சிகிச்சைத் திட்டங்களில் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 75 டாலருக்கு மேல் பரிசு கூடாது என்று கட்டுப்போட்டு வைத்தார்கள். தடுப்பூசிக்கும் மாத்திரைக்கும் கோடிக்கணக்கில் கொட்டிய அதே அரசாங்கம்தான். 2025 ஜனவரியில் பெரிய மனது பண்ணி அதை 750 ஆக உயர்த்தினார்கள். இனிமேல் டி.வி. தாராளமாகக் கொடுக்கலாம், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.